உயிரியலை விட்டுவிட்டு வரலாறு
பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த மகள், மருத்துவத்துக்கு நீட், மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு கியூட் என்று இரண்டு நுழைவுத் தேர்வும் எழுதுகிறேன் என்றாள். வீட்டில் அதிகம் புத்தகம் படித்தவன் என்ற தகுதியில், காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பட்டம் படிக்க கியூட் போதும் என்று நான் முடிவுசெய்தேன். பாகூர் கம்ப்யூட்டர் சென்டரில் விண்ணப்பத்தையும் நானே நிரப்பினேன். தேர்வுக்கான பாடங்களைக் கேட்ட இடத்தில் தமிழ், ஆங்கிலம், வரலாறு என்று குறித்தேன். உயிரியல்தான் பள்ளியிலேயே படிக்கிறாளே, அதை எதற்குத் தனியாகக் கேட்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஹால் டிக்கெட் வந்தபோது, திருத்துவதற்கான நாளும் நீட்டுக்கு விண்ணப்பிக்கும் நாளும் முடிந்திருந்தன.

"இன்னாப்பா இது, ஹிஸ்டரின்னு போட்டுக்கீது? பயாலஜி எழுதுனாதான பயாலஜி சீட்டு குடுப்பாங்க?"

"பொது அறிவுக்குன்னு நெனச்சேம்மா."

"அப்ப நீயே போயி எழுதிட்டு வா."

தேர்வன்று பைக்கில் அழைத்துப் போனேன். வழியெல்லாம் முகலாயர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கண்ணாடியில் பார்த்தேன், அவள் காதில் இயர்போனை மாட்டியிருந்தாள்.