கணக்கில் வராத மழை

என் தங்கச்சி அமுதவள்ளி கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் பேராசிரியை. அவள் துறைக்குள் நுழைய வேண்டுமானால் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். இடைசெவலில் ஏர் பிடித்துச் சம்சாரியாகக் கிடக்கிற எனக்கு அந்த ஏசி அறையில் பத்து நிமிஷம் உட்காரவே கூச்சமாக இருக்கும்.

1997இல் அவள் ஒரு மென்பொருள் எழுதினாள். நாற்பது வருஷ மழைக் கணக்கைக் கொடுத்தால், எந்த வாரம் விதைக்கலாம் என்று சொல்லும். மழை விழுந்துவிட்டால் எங்கள் கரிசலில் ஏர் இறங்காது. அதற்கு முன்னாலேயே புழுதியில் விதைத்தாக வேண்டும். ரொம்பவும் முந்தினால் விதை எறும்புக்குத்தான். ஆவணியில் ஊரைக் கூட்டி, "ஐப்பசி பிறக்கட்டும், அதுவரைக்கும் பெருமழை இல்ல" என்று படித்துச் சொன்னாள். நானும் விதையைக் கட்டி வைத்தேன்.

புரட்டாசி முதல் வாரம் ஊருக்கு வந்தவளின் மொபெட், ஒரே ஒரு மழைக்கு வண்டிப்பாதைச் சேற்றில் மாட்டிக்கொண்டது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி நடந்து வந்தாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் நேரே மாயகிருஷ்ணன் வீட்டுக்குப் போனாள். நாங்கள் காடு என்கிற புஞ்சைக்குள் இருக்கிற மழைமானியைப் பார்த்து, அவள் வாங்கிப் போன கணக்கை நோட்டில் எழுதுகிறவர் அவர்.

"அண்ணாச்சி, மழை கொட்டுத அன்னைக்கு மானிகிட்ட எப்படிப் போவீய?"

"எங்கன போக? கால வச்சா எடுக்க முடியுமா? ரெண்டு நாள் கழிச்சுப் போனா நெறஞ்சு வழிஞ்சு கெடக்கும். அத என்னன்னு எழுத? கட்டத்த வெறுமனே விட்டுருவேன்."

அவள் மென்பொருளோ, வெறும் கட்டத்தையெல்லாம் மழையில்லாத நாள் என்று எடுத்திருந்தது. ஊரே மிதந்த நாளுக்கும் ஒரு சொட்டு இல்லை என்று கணக்கு!

பக்கத்து ஊரான கடம்பூரின் மழைக் கணக்கை வாங்கி அந்தக் கட்டங்களை நிரப்பி மறுபடி ஓட்டினாள். புரட்டாசி இருபதுக்குள் விதைக்க வேண்டும் என்று வந்தது. "வெளிய சொல்லாதீங்க மேடம், உங்க பேர் கெட்டுரும்" என்றாராம் கூட வேலை பார்க்கிற ஒருவர்.

மறுநாளே பஸ் ஏறி வந்து ஊர் முன்னால் நின்றாள். "நான் மொதல்ல சொன்னது தப்பு. மெஷின் மேல குத்தமில்ல, எழுதுனது நாந்தான். அன்னைக்குப் பேஞ்ச ஒரு மழ காஞ்சிருச்சு, நாளைக்கே விதைங்க."

"போன மாசம் ஒண்ணு, இந்த மாசம் ஒண்ணு. அடுத்த வாரம் என்ன தாயி சொல்லுவ?" என்றார் பக்கத்துக் காட்டு உக்கிரபாண்டி மாமா. எல்லாரும் சிரித்தார்கள். அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

விடிந்ததும் முதல் ஏரை நான் பூட்டினேன். பாதி ஊர் விதைத்தது. பதினோராம் நாள் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மாமா ஏர் இறக்க முடியாமல் வரப்பில் நின்றார்.

அந்த மென்பொருள் அப்புறம் எத்தனையோ ஊருக்குப் போனது. அவளுக்கு விருதும் பொன்னாடையும் வந்தன. அதெல்லாம் இருக்கட்டும். அடுத்த ஆவணியில் மாமா என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏலே சோலைராஜ், ஒந்தங்கச்சி என்னைக்கு விதைக்கச் சொல்லுதா?"

"இந்தத் தடவயும் தப்பாப் போச்சுன்னா?" என்று சீண்டினேன்.

"போனா என்னலே? அந்தப் புள்ளையே பஸ் ஏறி வந்து சொல்லும்லா."