உயிரோடிருந்தவனுக்கு ஒரு மெழுகுதிரி

கரம்பொன் ஞானசவுந்தரியிடம் மன்னிப்பைப் பற்றிப் பேசப் போனவர்கள் எல்லாரும் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தார்களே தவிர, போன காரியம் ஒருவருக்கும் ஆகவில்லை. சும்மா பிடிவாதம் என்று ஊர் சொன்னது. ஊருக்கென்ன, சொல்லும்.

அவளுடைய புருசன் பஸ்ரியாம்பிள்ளை மலாயாவில் வெள்ளைக்காரனின் விமானப்படையில் மெக்கானிக். சிங்கப்பூர் விழுந்ததும் யப்பான்காரன் அவனைப் பிடித்து, சீயத்துக் காட்டில், இப்போதைய தாய்லாந்தில், ரயில் பாதை போட அனுப்பிவிட்டான். கூடப் பிடிபட்ட, சுருவில் என்ற ஊர்க்காரன் இராயப்பு மட்டும் சண்டை முடிந்து ஊர் வந்தான். "காய்ச்சலிலை போயிட்டான் அக்கா. நான்தான் கண்ணை மூடிவிட்டனான்" என்று விம்மினான். அவளும் நம்பி, அவனை இருத்திச் சோறு போட்டாள்.

உண்மையைக் கொண்டுவந்தவர் அதே முகாமில் கிடந்த காரைநகர்ச் சரவணமுத்து. "காய்ச்சலுமில்லை ஒண்டுமில்லைத் தங்கச்சி. பஸ்ரியான் ஓடப்போறான் எண்டு இராயப்புதான் காவல்காரனிட்டைக் காட்டிக் குடுத்தவன். அதுக்கு அவனுக்குக் குசினியிலை சமையல் வேலை கிடைச்சுது. இவனை வெயிலிலை கட்டிவைச்சு அடிச்சே சாக்காட்டிப்போட்டாங்கள்."

அவள் அழவில்லை. இராயப்பு சாப்பிட்ட கோப்பையைத் தேடி எடுத்து, கிணற்றடியில் போட்டு உடைத்தாள். கொலைகாரனுக்குத் தன் கையால் சோறு போட்டதை அவளால் கடைசிவரை தாங்க முடியவில்லை.

பிறகு நடந்த அநியாயத்தைக் கேளுங்கள். ஐம்பத்தெட்டாம் ஆண்டு, வியாபாரத்தில் கொழுத்துப்போன இராயப்பு, சிறைப்பட்டு மாண்டவர்களுக்கென்று கரம்பொன் சவக்காலையில் ஒரு நினைவுக்கல் நட்டான். மேலே கொட்டை எழுத்தில் பஸ்ரியாம்பிள்ளையின் பெயர். அடியில் "அன்பளிப்பு: இராயப்பு, சுருவில்." செய்த பழியை அந்தக் கல்லுக்குள் மூடிவிடலாம் என்ற நினைப்பு அவனுக்கு.

அவள் கல்லைப் பிடுங்கி எறிவாள் என்று ஊர் பார்த்திருந்தது. அவள் தொடவில்லை. எலும்புகூட வந்துசேராத மனிதனுக்குப் பூமியில் வேறெங்கே பெயர் இருக்கிறது?

கார்த்திகை, அதாவது நவம்பர், இரண்டாம் திகதி ஆத்துமாக்களின் திருநாள். அன்று ஊரெல்லாம் சவக்காலைக்குப் போய்ச் செத்தவர்களுக்கு மெழுகுதிரி கொளுத்தும். ஞானசவுந்தரி இரண்டு திரியோடு வந்தாள். ஒன்றைப் புருசனின் பெயருக்கு நேரே வைத்தாள். மற்றதை இராயப்புவின் பெயருக்கு முன்னால் வைத்தாள். இராயப்பு பத்தடி தள்ளி, வெள்ளைச் சட்டையும் தானுமாக நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு முகம் செத்துப்போயிற்று.

ஆத்துமாவுக்கு வைத்த திரியை ஊதி அணைக்க எங்கள் ஊரில் யாருக்குத் துணிவு வரும்? அவனுக்கே வரவில்லை. சுவாமியாரைப் பிடித்தான். அவர் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் மெல்லக் கேட்டாள்: "ஒரு ஆத்துமாவுக்காக மன்றாடுறது பாவமே சுவாமி?" சுவாமியார் அவளைப் போகச் சொல்லிவிட்டார்.

வருசா வருசம் அது நடந்தது. இராயப்பு சவக்காலைக்கு வருவதை விட்டான். பிறகு கார்த்திகை பிறந்தாலே சாப்பாடு இறங்காது. பெயரைக் கொத்தி எடுப்பமென்றால், ஏனென்று ஊர் கேட்கும்; தன் வாயாலேயே சொல்ல வேண்டிவரும். தான் நட்ட கல்லிலேயே மாட்டுப்பட்டுப்போனான். அவளுக்கு அது நல்ல திருப்தி. அதை அவள் ஒளிக்கவும் இல்லை.

எழுபத்துநாலில் இராயப்பு செத்தான். அந்தக் கார்த்திகையில் ஞானசவுந்தரி கொண்டுவந்தது ஒரே ஒரு திரி.

இராயப்புவின் பெண்சாதி ஜசிந்தா பக்கத்தில் வந்து நின்றாள். அவள் கையில் ஒரு புதுத் திரி இருந்தது. "அக்கா, உங்கடை கையாலை இதை ஒருக்காக் கொளுத்தி வையுங்கோ. சாகேக்கை அந்த மனுசன் இதைத்தான் கேட்டது."

ஞானசவுந்தரி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பெண்ணில் அவளுக்குக் கோபமில்லை.

"தேவையில்லாத காலத்திலை ஒருத்தரும் கேக்காமல் கொளுத்தினனான் பிள்ளை. இப்பதான் அவருக்குத் தேவை, நீரும் வந்து கேக்கிறீர். ஏலாது."

சொல்லிவிட்டுக் குனிந்து, புருசனின் திரி கடற்காற்றில் அணையாமல் கையால் மறைத்துக்கொண்டாள்.