மில்லுக்காரருக்குச் சொன்ன படக்கதை

மாயவரத்தில் நாங்கள் தினமும் போய் உட்கார்ந்த இடத்தின் பெயர்ப்பலகையில் மனமகிழ் மன்றம் என்று எழுதியிருந்தது. மனம் மகிழ வந்தவர் என்று நான் ஒருவரையும் பார்த்ததில்லை. கூடத்தில் சீட்டாட நான்கு மேசை, உள்ளறையில் குடிப்பவர்களுக்கு இரண்டு. பிரம்பு நாற்காலிகளில் மூன்றுக்குக் கை உடைந்திருந்தது. சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், யாரும் சரிசெய்யவில்லை. புள்ளிவிவரத் துறையில் வேலை பார்த்தவன் நான், எங்கே உட்கார்ந்தாலும் எண்ணத்தான் செய்வேன். வழக்கமாக வருகிற பன்னிரண்டு பேரில் ஒன்பது பேரின் பிள்ளைகள் வெளிநாட்டில். முன்னால் துபாய்க்குப் போனார்கள், கம்ப்யூட்டர் வந்த பிறகு அமெரிக்காவுக்கு. என் மகள் சிங்கப்பூரில் இருந்தாள். பிரசவம் பார்க்கப் போன என் மனைவி பேரனுக்குப் பல் முளைத்த பிறகும் திரும்பவில்லை.

மில்லுக்காரர் என்று நாங்கள் கூப்பிட்டவர் குத்தாலம் பக்கம் நெல் அரவை மில் வைத்திருந்தவர். அந்தப் புரட்டாசியில் அவர் மனைவி இறந்துபோனார். அமெரிக்காவிலிருந்து மகன் வந்து காரியங்களை முடித்துவிட்டுத் திரும்பிப் போனான். அவன் விமானம் ஏறிய மறுநாளே மில்லுக்காரர் கிளப்புக்கு வந்துவிட்டார். முன்பெல்லாம் ஏழரைக்கே "வீட்ல தோசை ஆறிடும்" என்று எழுந்துவிடுபவர், இப்போது விளக்கை அணைக்கும்வரை நகர மாட்டார். கதவைப் பூட்டிய பிறகும் வாசலில் நின்று யாரிடமாவது பேச்சுக் கொடுப்பார். ஆளில்லாத அந்த வீட்டுக்குள் தனியாக நுழைய அவரால் முடியவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் சீட்டைத்தான் கலைத்துப் போட்டோம்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. வாசல் படிவரை தண்ணீர். சீட்டும் அலுத்துவிட்டது. எங்கள் சீட்டுக் கூட்டாளியான வக்கீல், தன் மகன் வாங்கிக் கொடுத்ததாக ஒரு ஆங்கிலப் படத்தின் சிடியைக் கூடத்து டிவியில் போட்டார்.

"சார்வாள், நீங்கதான் கதை சொல்லணும். எங்க இங்கிலீஷ் கோர்ட்டோட சரி" என்றார் என்னிடம்.

ஏதோ ஒரு குளிர்நாட்டு நகரம். ராத்திரி ஆட்டம் போடும் கிளப் ஒன்று. அங்கே தினமும் வருகிற ஐந்தாறு பேர். பாட்டு அதிர்கிறது, இவர்களில் ஒருவரும் ஆடுவதில்லை. அவரவர் இடத்தில் உட்கார்ந்து குடிக்கிறார்கள்.

"ஆட மாட்டானுவளா?" என்றார் மில்லுக்காரர். "இதுக்கு நம்ம கிளப்பே தேவலாம் போலருக்கே."

எல்லோரும் சிரித்தோம். பாதிப் படத்தில், ஊற்றிக் கொடுக்கும் பெண் ஒரு தடித்த மனிதனிடம், உன்னை வீட்டில் தேடமாட்டார்களா என்று கேட்டாள். அவன் கண்ணாடித் தம்ளரைப் பார்த்தபடியே, மனைவி செத்துப்போய்விட்டாள், நான் போட்டால்தான் அங்கே விளக்கு எரிகிறது என்றான். எனக்கு நன்றாகப் புரிந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"என்ன சொல்றான்?" என்றார் மில்லுக்காரர்.

"வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்களாம். தொந்தரவு தாங்காம இங்க வந்துட்டானாம்."

"விருந்தாளி வந்த மூஞ்சியா சார் அது?" என்றார். "பொண்டாட்டி போயிட்டாளா அவனுக்கு?"

வக்கீலின் கை ரிமோட்டுக்குப் போனது. "நிறுத்தாதீங்க வக்கீல் சார், ஓடட்டும்" என்ற மில்லுக்காரர் என் பக்கம் திரும்பினார். "இவனுங்க யாராவது அவன் வீட்டுக்குப் போனாங்களா?"

"இதுவரைக்கும் இல்ல" என்றேன்.

"நீங்க எல்லாரும் வந்தீங்க. மாலை போட்டீங்க. போறப்ப யாரும் போயிட்டு வரேன்னு சொல்லல. சாவு வீட்ல சொல்லக் கூடாது, எனக்கும் தெரியும். ஆனா சொல்லாம போனவங்க அப்படியே போயிட்டீங்களே சார். தெருமுனைல இருக்கு வீடு."

படத்தில் வேறு பாட்டு ஆரம்பித்தது. துக்க வீட்டுக்கு மறுபடி போவது அவர் துக்கத்தைக் கிளறுவதாகும் என்று நாங்கள் எங்களுக்குள் நியாயம் பேசிவைத்திருந்தோம். தினம் கிளப்பில் பார்க்கிறோமே, அது போதாதா என்றும் நினைத்தோம்.

படம் முடியும் முன்பே அவர் எழுந்து குடையை எடுத்தார். நானும் எழுந்தேன். ஒரு குடைக்குள் இரண்டு பேர், முழங்கால்வரை நனைந்து அவர் வீட்டுக்குப் போனோம். பூட்டைத் திறந்தவர் நிலைப்படியில் நின்றுவிட்டார். நான் முதலில் நுழைந்து, சுவரைத் தடவி, விளக்கைப் போட்டேன். பிறகு வந்தார்.

கூடத்தில் அந்த அம்மாளின் படம். மாலை காய்ந்து சருகாகியிருந்தது. அவர் துண்டு கொடுத்தார், பிஸ்கட் கொண்டுவந்தார், பால் இல்லை என்று வருத்தப்பட்டார். பிறகு எதிரில் உட்கார்ந்தார். எட்டரை ஆயிற்று. எனக்கு எப்படி எழுந்திருப்பது என்று தெரியவில்லை. வருகிறேன் என்று சொன்னால், வருஷம் திரும்பாத வீட்டில் சொல்லத்தகாததைச் சொன்னவனாவேன். சொல்லாமல் எழுந்தால், அன்றைக்குப் போன மாதிரிதான். என் வீட்டிலும் விளக்கை நான் போய்த்தான் போடவேண்டும்.

கூரைக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் குறைந்து, சொட்டி, நின்றது. இருவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

"மழை இன்னும் விடல போலருக்கே சார்" என்றார் மில்லுக்காரர்.

"விடல" என்றேன்.