விரல் வைத்துப் படித்த புத்தகம்

என் மகளை எல்.கே.ஜி. சேர்க்கக் கூட்டிக்கொண்டு போன அந்தக் காலை இன்னும் எனக்கு மறக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குள் நுழையும்போது நான் நடந்த நடை என்ன, வெளியே வரும்போது இருந்த கோலம் என்ன! எங்கள் வீட்டில் நாங்கள் புத்தகம் படித்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் நான் ஏன் அப்படி ஆடிப்போனேன் என்பது யாருக்கும் விளங்காது.

அப்போது ஒரகடம் பக்கம் ஒரு லைன் வீட்டில், ஒற்றை அறையில் குடியிருந்தோம். நான் அந்தப் பக்கத்துப் பெண். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு, ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் பெண்களுக்குச் சுடிதார் தைத்துக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் திருநெல்வேலிச் சீமை. கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் வேலை; வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். வீட்டில் டி.வி. கிடையாது. ஒருநாள் அவர் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில், தள்ளுவண்டிக் கடையிலிருந்து பிள்ளைக்கு ஒரு படப் புத்தகம் வாங்கிக்கொண்டு வந்தார். அதோடு ஆரம்பித்தது.

வெயில் காலத்தில் ஒரு குளத்துக்கு ஒவ்வொரு மிருகமாகத் தண்ணீர் குடிக்க வரும் கதை. பக்கத்துக்கு இரண்டு வரி, மீதியெல்லாம் படம். கடைசிப் பக்கத்தில் எல்லா மிருகமும் கூடி நிற்கும். மேல் மூலையில், இலை மேல் கட்டை விரல் அளவுக்கு ஒரு தவளை உட்கார்ந்திருக்கும். அந்தத் தவளை என்றால் என் மகளுக்கு உயிர். முதல் ஷிஃப்ட் வாரத்தில் சாயங்காலம் அவர் படிப்பார். இரண்டாம் ஷிஃப்ட் என்றால் நான். நைட் ஷிஃப்ட் என்றால், மத்தியானம் தூங்கி எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு படிப்பார். ஒரு நாள் விட்டுப்போனால் போதும், அன்றைக்கு லைன் வீடே ரெண்டாகிவிடும். அப்படிக் கத்துவாள்!

அவர் படிப்பதில் ஒரு கம்பெனிப் பழக்கம் இருந்தது. லைனில் அவர்கள் ஒரு வேலை முடிந்தால் விரலை நீட்டிக் காட்டி, வாய்விட்டு 'ஓகே' சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். போல்ட் ஓகே, கிளிப் ஓகே. மனுஷர் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். கேஸை மூடினால் விரலை நீட்டி, "கேஸ் ஓகே." கதவைப் பூட்டினால், "பூட்டு ஓகே." பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். புத்தகத்திலும் அதே கூத்துதான். மகளின் ஆள்காட்டி விரலைப் பிடித்துப் படத்தின் மேல் வைத்து, "மான் ஓகே!" என்பார். அவளும், "மான் ஓகே!" என்று கூரை பறக்கக் கத்துவாள். பார்த்துப் பார்த்து எனக்கும் அதே ஒட்டிக்கொண்டது.

நாலு வயது ஆவதற்குள் ஐந்தாறு புத்தகங்கள் சேர்ந்துவிட்டன. எல்லாவற்றையும் எழுத்துப் பிசகாமல் சொல்வாள். நான் வரியை ஆரம்பித்தால் போதும், விரல் தானாகப் போய் அந்தப் படத்தில் உட்காரும். அளவு கொடுக்க வரும் ஹாஸ்டல் பெண்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். "யக்கா, இவ கலெக்டரா வருவா பாரு" என்று ஒருத்தி சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நாங்கள் படித்து முடித்ததும் புத்தகத்தை மூக்கோடு ஒட்டி வைத்துக்கொள்வாள்; புதுத் தாள் வாசனை பிடிக்கிறாள் என்று சொல்லிச் சிரிப்போம். பேசும்போது என் இரண்டு கன்னத்தையும் பிடித்து இழுத்து, மூக்கோடு மூக்கு வைத்துத்தான் பேசுவாள். எவ்வளவு பாசம் பார் என்று நான் ஊரெல்லாம் பெருமையடித்தேன்.

அந்தப் பெருமையோடுதான் ஸ்ரீபெரும்புதூரில் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் உள்ளே போன பிள்ளை அழுதுகொண்டே வெளியே வந்தது. அதைப் பார்த்து நான் மனசுக்குள் சிரித்தேன். பெரிய மேடம் தன் மேஜைமேல் ஒரு படப் புத்தகத்தை விரித்து, என் மகளிடம் அன்பாகத்தான் கேட்டார். "பாப்பா, இதுல பூனை எங்க இருக்குன்னு காட்டு பாக்கலாம்?"

என் மகள் விரலை நீட்டினாள். நீட்டியவள் அப்படியே நின்றாள். விரல் அந்தரத்தில் நிற்கிறது. யாராவது பிடித்துப் படத்தில் வைப்பார்கள் என்று காத்திருக்கிறாள். மேடமும் காத்திருந்தார். அவள் அப்பா பக்கம் திரும்பி, "புடிப்பா" என்றாள்.

"கொழந்தைக்கு இன்னும் படமெல்லாம் பழகல போல. அடுத்த வருஷம் கூட்டினு வாங்களேன்" என்றார் மேடம்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "இன்னா மேடம் இப்டி சொல்ட்டீங்க? தெனம் புக்கு படிக்கிற புள்ள மேடம் இது! இப்ப பாருங்க" என்று பையிலிருந்து எங்கள் குளத்துப் புத்தகத்தை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திறந்து மேஜையில் அறைந்தேன். "தவள எங்கடி கீது? மேடத்துக்குக் காட்டு!"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. விரல் நேராக மேல் மூலைக்குப் போனது. "தவள ஓகே!"

விரலுக்குக் கீழே வெறும் சேறு. வந்த ஆத்திரத்தில் நான் புத்தகத்தைத் தலைகீழாக வைத்திருந்தேன். தவளை அவள் வயிற்றுக்கு நேராக, கீழ் மூலையில் கவிழ்ந்து கிடந்தது. மிருகங்களெல்லாம் காலை மேலே தூக்கிக்கொண்டு நிற்கின்றன. அவளுக்கு அது ஒன்றுமே தெரியவில்லை.

"ஒழுங்கா பாருடி" என்றேன்.  அவள் அதே சேற்றை இன்னும் அழுத்தித் தொட்டு, "தவள ஓகே!" என்று கத்திவிட்டு, பாராட்டுக்காகச் சிரித்தாள்.

என் வீட்டுக்காரர் கையை நீட்டிப் புத்தகத்தை மெதுவாக நேராகத் திருப்பினார். "இப்ப தொடு தாயி." அவள் மறுபடி அதே மேல் மூலையைத் தொட்டாள். இப்போது விரலுக்குக் கீழே தவளை இருந்தது. அவளைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். 

மேடம் நாற்காலியில் பின்னால் சாய்ந்து, மூன்று விரலைத் தூக்கிக் காட்டி, "இது எத்தன பாப்பா?" என்றார். என் மகள் மேஜையைச் சுற்றி நடந்து போனாள். மேடத்தின் கையைப் பிடித்து, மூக்கு இடிக்கும் வரை கிட்டே இழுத்துப் பார்த்துவிட்டுத்தான், "மூணு" என்றாள்.

"அம்மா, மொதல்ல கொழந்தைய கண் டாக்டர்கிட்ட காட்டுங்க. எடம் எங்கயும் போவாது, நான் வெச்சிருக்கேன்" என்றார் மேடம். சண்டை போட வந்தவள் நான். புத்தகத்தை எடுத்துப் பையில் திணித்துக்கொண்டேன்.

மறுநாளே காஞ்சிபுரத்தில் கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து, கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து வெகுநேரம் பார்த்தார் டாக்டர். அப்புறம் எங்களைக் கேட்டார். புத்தகத்த மூஞ்சிகிட்ட வெச்சுப் பாப்பாளா? வாசன புடிப்பா சார் என்றேன். பேசும்போது உங்க மூஞ்சியக் கிட்ட இழுப்பாளா?  அது பாசம் சார் என்று சொல்ல வாயைத் திறந்தேன், சொல்லவில்லை.

"பொறந்ததுலேர்ந்தே ரொம்ப அதிகமான கிட்டப் பார்வை. நாலு விரக்கடைக்கு அந்தப் பக்கம் எல்லாமே அவளுக்குக் கலங்கல்தான்" என்றார் டாக்டர்.

"அப்போ, நான் இத்தன நாளா படிச்சிக் காட்டினதெல்லாம்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"கேட்டிருக்கா. தொட்டிருக்கா. எது எந்த எடத்துல இருக்குன்னு கை மனப்பாடம் பண்ணிருக்கு. படத்த முழுசாப் பாக்கவே இல்ல." அவர் எங்களைத் திட்டவில்லை. "இப்பவே கண்ணாடி போட்டா பார்வை நல்லா வர வாய்ப்பு இருக்கு. இன்னும் நாலஞ்சு வருஷம் விட்டிருந்தீங்கன்னா, கண்ணாடி போட்டாலும் பிரயோஜனம் இருந்திருக்காது. மூளை பாக்கவே கத்துக்காது" என்றார்.

நாலஞ்சு வருஷம்! நாங்கள் விட்டிருப்போம். சத்தியமாக விட்டிருப்போம். அப்படியே விரலைப் பிடித்துப் பிடித்து மூன்றாம் வகுப்பு வரைக்கும் ஓட்டியிருப்போம்.

வராந்தாவுக்கு வந்ததும் என் வாய்க்கு உயிர் வந்தது. கோபம் வந்தால் எனக்கு மரியாதை பறந்துவிடும். "ஓகே ஓகேன்னு தெனம் கத்திகினு இருந்தியே, இன்னாத்தய்யா செக் பண்ண? என் லைன்ல ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆவாதுன்னு பீத்திக்கினியே!" என்று நாலு பேர் பார்க்கக் கத்தினேன். அவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏளா, மடியிலதான இருந்தா. என் மடியிலதான இருந்தா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கண்ணில் தண்ணீர் ஓடுகிறது, துடைக்கவும் இல்லை. எனக்கும் அடக்க முடியவில்லை. மருந்து விட்ட கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த மகள், "ஏம்மா அழுவுற?" என்று வேறு யாரோ ஒரு அம்மா இருந்த பக்கம் திரும்பிக் கேட்டாள்.

கண்ணாடி தயாராகி வந்த அன்று கடைக்காரர் அதை அவள் காதில் மாட்டி, பின்னால் நாடாவைக் கட்டிவிட்டார். ஓடுவாள், துள்ளுவாள், தவளையைத் தேடுவாள் என்று நான் என்னென்னவோ நினைத்துக்கொண்டு புத்தகத்தைப் பையில் வைத்திருந்தேன். அவள் அசையவில்லை. கடை வாசலில் நின்று தெருவைப் பார்த்தாள். எதிர்வரிசையில் ஒரு பாத்திரக் கடை, அதன் மாடியில் துணி உலர்த்தும் பெண், கரண்ட் கம்பியில் ஒரு காக்கா. கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

அவர் குனிந்து, "தெரியுதா தாயி?" என்றார்.

அவள் பதில் சொல்லாமல் என் பக்கம் திரும்பினாள். "அந்த மாடில ஒரு அக்கா கீதே, அது உனக்குத் தெரியுதா?"

"தெரியுதும்மா."

"அந்தக் காக்கா?"

"தெரியுது."

"இங்க நின்னுகினேவா?"

"ஆமாண்டி செல்லம்."

"அப்பாவுக்கு?"

"அப்பாவுக்கும் தெரியும்."

"தெனமுமா?"

"தெனமும்தான்."

அவள் உதடு பிதுங்கியது. அழப்போகிறாள் என்று நினைத்து நான் கையை நீட்டினேன். அவள் அழவில்லை, கையைத் தட்டிவிட்டாள். என்னுடைய அதே கோபம், அப்படியே அவள் முகத்தில்.

"எல்லாரும் பாத்துகினே இருந்துகிறீங்க," என்றாள். "எனக்கு மட்டும் ஏன் சொல்லவேயில்ல?"

 கடைக்காரர் வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார். அவள் காலைத் தரையில் உதைத்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி மறுபடியும் கேட்டாள்.