சீட்டுப் போடுகிறவள் சீட்டாட வந்தாள்

வெல்டா லாட்னர் வருஷத்தில் ஐம்பது வாரம் பிலாக்ஸியில், கடலைப் பார்த்த ஒரு கேசினோவில், போக்கர் என்கிற சீட்டாட்ட மேசையில் ஆடுபவர்களுக்குச் சீட்டுப் போடுகிறாள். மீதி இரண்டு வாரம் விடுமுறை. அதில் ஒரு வாரம் லாஸ் வேகஸுக்கு வந்து போக்கர் மேசையிலேயே உட்கார்ந்துகொள்வாள். ஒரே வித்தியாசம், மேசைக்கு எதிர்ப்பக்கம்.

“மீன் விக்கிறவ லீவு போட்டுட்டு மீன் மார்க்கெட்டுக்குப் போன கதை” என்பான் அவள் கணவன் டுவெய்ன். இறால் படகுகளின் எஞ்சினைப் பழுது பார்க்கிறவன். போக்கர் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. நீச்சல் குளத்தோரம் தொப்பியை முகத்தில் கவிழ்த்துப் படுத்துக் கிடப்பான். பசித்தால் எழுந்துபோய் ஒரு கிண்ணம் குளிர்ந்த இறால் வாங்குவான்.

“நீ மட்டும் என்னவாம்? ஆயிரத்தைந்நூறு மைல் பறந்து வந்து இறால்தானே திங்கிற.”

“இதுக்குப் பேரு இறாலா? ரப்பரை ஐஸ்ல ஊறவெச்சிருக்கான். நம்ம ஊருக்காரன் ஒருத்தனாவது இதைத் தின்னு பாத்துச் சொல்ல வேணாமா?”

வெல்டாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. பதினெட்டிலிருந்து இறால் உரிக்கும் ஆலையில் வேலை. முப்பத்திரண்டில் கேசினோ நடத்திய ஆறு வார வகுப்பில் சேர்ந்து சீட்டுப் போடக் கற்றாள். ஆலையில் பழகிய விரல்கள் சட்டென்று பிடித்துக்கொண்டன. இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. அரை மணிக்கு ஒரு மேசை. கலைப்பாள், போடுவாள், காசுக்குப் பதிலாக வைக்கும் வில்லைகளை நடுவில் சேர்ப்பாள், ஜெயித்த சீட்டை வாய்விட்டுச் சொல்வாள், வில்லைக் குவியலை ஜெயித்தவர் பக்கம் தள்ளுவாள். யார் ஜெயித்தாலும் அவள் முகம் ஒன்றுதான். சொந்தக் கேசினோவில் அவள் ஆடக் கூடாது என்பது விதி.

சீட்டுப் போடுகிற எல்லாரையும் போல அவளுக்குள்ளும் ஓர் எண்ணம் இருந்தது. லட்சக்கணக்கான ஆட்டம் பார்த்தாயிற்று. பொய்யாகப் பந்தயம் கட்டுகிறவன் எப்போது காதைத் தடவுவான், நல்ல சீட்டு வந்தவன் எப்போது மூச்சைப் பிடிப்பான் என்று தெரியும். இவர்களை எல்லாம்விட நான் நன்றாக ஆடுவேன். அந்த எண்ணம் இத்தனை வருஷமும் தீங்கில்லாமல் ஒரு மூலையில் கிடந்தது.

இந்த வருஷம் அதற்கு வேலை வந்தது. வலது மணிக்கட்டு போய்விட்டது. சீட்டைச் சுண்டி எறியும்போது முழங்கை வரை வலி ஏறியது. அக்டோபருக்கு மேல் தாங்காது, அறுவை செய்தாலும் பழைய வேகம் வராது என்றார் டாக்டர். அவள் முன்னே இரண்டு வழி இருந்தது. ஒன்று, சூப்பர்வைசர் வேலை. மேலாளர் அர்னெல் மூன்று தடவை கூப்பிட்டுக் கேட்டுவிட்டான். மூன்று தடவையும் மாட்டேன் என்றிருந்தாள். டிப்ஸ் கிடையாது என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. மேசையில் தகராறு வந்தால் சூப்பர்வைசர்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும், தோற்றவன் அவரைத் திட்டிக்கொண்டே போவான். வெல்டா வாழ்நாளில் யாருக்கும் தீர்ப்புச் சொன்னதில்லை. மற்றவர்கள் முடிவெடுப்பார்கள், அவள் சீட்டுப் போடுவாள்.

இரண்டாவது வழி, வேலையை விட்டுவிட்டு ஆடிப் பிழைப்பது.

டுவெய்னிடம் விமானத்தில் சொன்னாள்: “ஆயிரத்து இருநூறு டாலர் கொண்டு வந்திருக்கேன். வெள்ளிக்கிழமை சாயந்திரம் எண்ணிப் பாப்பேன். ஒரு டாலர் அதிகமா இருந்தாலும் வேலையை விட்டுர்றேன்.”

“கொறைஞ்சா?”

“கொறைஞ்சா அப்ப யோசிப்பேன்.”

ஐந்து நாள் அதிர்ஷ்டத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்பது அவளுக்குத் தெரியாததா? ஒரு வாரம் ஜெயித்துவிட்டு வீட்டை விற்றவர்களுக்கே அவள் சீட்டுப் போட்டிருக்கிறாள். ஆனாலும் எங்காவது ஒரு கோடு கிழிக்க வேண்டியிருந்தது. கிழித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் கையில் கொண்டுவந்ததைவிட முப்பது டாலர் குறைவு. டவுன்டவுனில் ஒரு பழைய கேசினோ, நான்கு நாளாக அதே மேசை. சீட்டுப் போடுபவருக்கு இடப்பக்கம் ஒட்டிய முதல் நாற்காலி கிடைத்தது. எதிரே ஆர்வில் ஸ்டைங்கி, எழுபது வயது, நெப்ராஸ்காவில் சோளம் போடுகிறவர். அந்த மேசையில் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வந்த ஊர்தான் பேர்.

“வா பிலாக்ஸி. உன்னோட காசு நேத்து ராத்திரி என்னோட ரூம்ல நல்லாத் தூங்குச்சு.”

“ரொம்பப் பழக்காதீங்க நெப்ராஸ்கா. இன்னைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்.”

என்ன வேலை என்று முதல் நாள் கேட்டபோது இன்சூரன்ஸ் ஆபீஸ் என்று சொல்லியிருந்தாள். சீட்டுப் போடுகிறவள் என்று தெரிந்தால் மேசையின் நடத்தையே மாறிவிடும். ஆளாளுக்கு விதி கேட்பார்கள், ஒழுங்காகப் பந்தயம் கட்ட மாட்டார்கள்.

அன்று சீட்டுப் போட்டவள் செலாம் என்ற இளம்பெண். எத்தியோப்பியாவிலிருந்து வந்து இந்த ஊரில் வளர்ந்தவள், வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம். தப்பில்லாமல் போட்டாள், ஆனால் மெதுவாக. ஆட்டத்திலிருந்து விலகியவர்கள் எறிந்த சீட்டுகள் மேசையெங்கும் சிதறிக் கிடக்கும். அவள் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்ப்பாள். பக்கத்தில் இருந்த வெல்டாவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. தன் பக்கம் விழுந்த சீட்டுகளைத் தட்டி ஒழுங்குபடுத்திக் கழித்த சீட்டுக் குவியலின் மேல் தள்ளிவிட்டாள்.

“தேங்க்ஸ் மேடம்” என்றாள் செலாம், மெல்லிய குரலில்.

“உன் வேலையைப் பாரும்மா. அவசரமே இல்ல.”

“யாருக்கு அவசரமில்ல? எனக்கு அறுவடை இருக்கு” என்றார் ஆர்வில்.

“ஜூன் மாசத்துல என்ன அறுவடை?”

“அதுக்குள்ள இந்த ஆட்டம் முடிஞ்சா சரி.”

செலாமே சிரித்துவிட்டாள்.

பதினொன்றரைக்கு வெல்டாவுக்கு இரண்டு எட்டுகள் வந்தன. பந்தயத்தை உயர்த்தினாள், ஆர்வில் மட்டும் உடன் வந்தார். எல்லாருக்கும் பொதுவாக நடுவில் மூன்று சீட்டு விரிந்தது: எட்டு, ராஜா, ஐந்து. நான்காவதாக இன்னொரு ராஜா. ஆர்வில் மூச்சைப் பிடித்தார். அதை அவள் கவனித்தாள். அவர் கையில் ஒரு ராஜா இருக்கிறது, மொத்தம் மூன்று. அவளிடம் மூன்று எட்டோடு இரண்டு ராஜா, அது மூன்று ராஜாவைச் சாப்பிட்டுவிடும். ஐந்தாவது சீட்டு ஒன்றுக்கும் உதவாத மூன்று. வெல்டா இருநூறு டாலர் வைத்தாள். ஆர்வில் உடனே சமமாக வைத்தார். நடுவில் அறுநூறுக்கு மேல் சேர்ந்துவிட்டது. முப்பது டாலர் பள்ளம் மூடி, மேலே மேடாகவும் ஆகிவிடும்.

பந்தயம் கட்டியவள் முதலில் காட்டுவதுதான் முறை. ஆர்வில் பொறுக்கவில்லை; இரண்டு சீட்டையும் திருப்பிப் போட்டார். ராஜா, ராணி.

“மூணு ராஜா” என்றாள் வெல்டா, ஏற்றமும் இறக்கமும் இல்லாத குரலில். இருபத்திரண்டு வருஷமாகச் சொன்ன அதே குரல். ஜெயித்த சீட்டைச் சொன்னதும் அடுத்த வேலை, மேசையில் கவிழ்ந்து கிடக்கும் தோற்ற சீட்டை அகற்றுவது. அவளுக்கு முன்னால் இரண்டு சீட்டு கவிழ்ந்து கிடந்தது. வலது கை அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டி, கழித்த சீட்டுக் குவியலின் மேல் தள்ளிவிட்டது.

தள்ளிய பிறகுதான் அது யாருடைய சீட்டு என்று அவளுக்கு உறைத்தது.

காலியாகிவிட்ட பச்சைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வில்லைக் குவியலை ஆர்வில் பக்கம் தள்ளப் போன செலாம் அவள் முகத்தைப் பார்த்துக் கையை நிறுத்தினாள்.

“மேடம்… அது தோத்த சீட்டுதானே?”

வெல்டா கழித்த சீட்டுக் குவியலைப் பார்த்தாள். செலாம் கையை உயர்த்தி, “சூப்பர்வைசர்” என்று கூப்பிட்டாள்.

நரைத்த மீசையோடு ஒருவர் வந்தார். சட்டையில் கிளிஃபர்ட் என்று பேர். செலாம் நடந்ததைச் சொன்னாள். “மேல இருக்குற ரெண்டும் இவங்களோடதுதான் சார். அதுக்கப்புறம் மேல எதுவும் விழல. நானும் கழிச்ச குவியலைத் தொடல.”

“தெளிவா அடையாளம் தெரியுதுன்னா திருப்பி எடுத்துக் குடுக்க விதியில இடம் இருக்கு” என்றார் கிளிஃபர்ட். “மேடம், என்ன வெச்சிருந்தீங்க? சொல்லுங்க, திருப்பிப் பாத்துரலாம்.”

ஆர்வில் தொப்பியைக் கழற்றித் தொடைமேல் வைத்தார். “சொல்லும்மா பிலாக்ஸி. என்னோடதைவிடப் பெரிசுன்னா எடுத்துக்கோ. நான் சண்டை போட மாட்டேன்.”

இரண்டு எட்டு. இரண்டே சொல். சொன்னால் பொய்யில்லை, திருப்பினால் அங்கே எட்டுகள்தான் இருக்கும். கிளிஃபர்ட் அவளுக்குச் சாதகமாக முடிப்பார் என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. சாயந்திரம் எண்ணினால் கோட்டுக்கு அந்தப் பக்கம். பிலாக்ஸிக்குப் போய் வேலையை விட்டுவிடலாம்.

இதே தகராறு பிலாக்ஸியில் வந்திருந்தால், சூப்பர்வைசர் என்ன சொல்ல வேண்டும் என்று அவள் விரும்பியிருப்பாள்? சீட்டுப் போடுபவர் தவறி எடுத்தால் திருப்பிக் கொடுக்கலாம். பக்கத்து ஆள் கை பட்டு விழுந்தாலும் கொடுக்கலாம். இங்கே இரண்டும் இல்லை.

“வேணாம் சார்” என்றாள். “இந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல, முதல்ல அதை எழுதிக்கோங்க. எதிராளி சீட்டைப் பாத்த பிறகு நானே என் கையால தள்ளினேன். அது செத்த சீட்டு. காசு அவருக்கு.”

“நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“எனக்கு எடுத்துக் குடுத்தீங்கன்னா, நாளைக்கு அவசரப்பட்டுக் கழிச்சவன் எல்லாம் உங்களைக் கூப்பிடுவான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் குவியலைக் கிளறிட்டிருந்தா, இந்தப் பொண்ணு எப்படிச் சீட்டுப் போடும்?”

கிளிஃபர்ட் தலையாட்டினார். “சீட்டு செல்லாது. காசு மூணு ராஜாக்காரருக்கு” என்று செலாமிடம் சொல்லிவிட்டு, வெல்டா பக்கம் குனிந்தார். “எத்தனை வருஷம் சர்வீஸ்?”

“இருபத்திரண்டு.”

“இன்சூரன்ஸ் ஆபீஸ்லயா?” என்றார் ஆர்வில்.

“இல்ல. அது பொய்.”

“அடப்பாவமே. நாலு நாளா சீட்டுப் போடுறவ கூடவா நான் மல்லுக்கட்டிட்டிருந்தேன்? அதான் நீ சிரிக்கவே மாட்டேங்குற.”

“சிரிக்க என்ன இருந்துச்சு, உங்க அறுவடை ஜோக்கா?”

அவர் வில்லைகளை அடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். “என்னதான் வெச்சிருந்த?”

“ஏதோ ரெண்டு சீட்டு” என்று எழுந்தாள்.

நீச்சல் குளத்தோரம் டுவெய்னிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தொப்பியை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தான்.

“ஒரே ஒரு ஆட்டம் வெல்டா. அதை வெச்சா முடிவு பண்ணுவ? இன்னும் அரை நாள் இருக்கு.”

“காசுக்காகச் சொல்லல. ஆடுறவன் எதை மறந்தாலும் தன்னோட சீட்டை மறக்க மாட்டான். எனக்குச் சொந்தமா சீட்டு இருக்குன்னே ஞாபகம் வரல. அடுத்த வாரமும் இதையேதான் செய்வேன்.”

“களைப்பா இருந்திருக்கும்.”

“இருக்கலாம்.” அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். களைப்பா, பழக்கமா என்று அவளுக்கே சரியாகப் பிரிக்கத் தெரியவில்லை. “ஆனா அந்த சூப்பர்வைசர் கேட்டப்ப, என் குரல் நடுங்கல டுவெய்ன். அதுதான் எனக்கே அதிசயமா இருக்கு.”

“உன்னோட காசைத் தூக்கிக் குடுக்கும்போதே நடுங்கலன்னா, அடுத்தவன் காசுக்கு எதுக்கு நடுங்கப் போகுது?”

அவன் இறால் கிண்ணத்தை நீட்டினான். ஒன்றை எடுத்து மென்று பார்த்தாள். ரப்பர்தான்.

அங்கிருந்தே மேலாளர் அர்னெலுக்குப் போன் செய்து, சூப்பர்வைசர் வேலைக்கு வருவதாகச் சொன்னாள்.

“பகல் ஷிப்ட் போன மாசமே போயிருச்சு மிஸ் வெல்டா” என்றான் அவன். “சாயந்திரம் ஆறு மணி ஷிப்ட் ஒண்ணுதான் காலி. சனி ஞாயிறு கண்டிப்பா வரணும். குடிச்சுட்டு வர்றவனுங்க எல்லாம் அப்பத்தான் வருவானுங்க.”

“தெரியும். இருபத்திரண்டு வருஷமா அவனுங்களுக்குத்தானே போட்டுட்டிருக்கேன்.”

“மூணு தடவை கெஞ்சினேன். அசையல. அங்க என்னதான் ஆச்சு?”

“ஒரு தகராறைத் தீத்து வெச்சேன்.”

“யாருக்கும் யாருக்கும்?”

“எனக்கும் ஒரு நெப்ராஸ்காக்காரருக்கும்.”

“யாரு ஜெயிச்சா?”

“நெப்ராஸ்கா.”

அர்னெல் சிரித்து முடிக்க நேரமாயிற்று. “ஜூலை ஒண்ணுல இருந்து உங்க பேரைப் போட்டுக்குறேன்” என்றான். சம்பளம் எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை, திங்கட்கிழமை கேட்டுக்கொள்ளலாம்.

இரண்டு மணிக்கு மேசைக்குத் திரும்பினாள். முதல் நாற்காலி காலியாக இருந்தும் வேண்டாமென்று, சீட்டுப் போடுபவருக்கு எட்டாத தூரத்தில் ஐந்தாவதில் உட்கார்ந்தாள். ஆர்வில் விலகி இடம் கொடுத்தார். வந்த வேகத்தில் ஒன்றுக்கும் ஆகாத சீட்டை வைத்துக்கொண்டு பந்தயத்தை உயர்த்தினாள். அந்த வாரம் முழுக்க அப்படிச் செய்ததில்லை. ஆர்வில் ரொம்ப நேரம் யோசித்து, சீட்டைக் கழித்துவிட்டு விலகினார். அடுத்த ஆட்டத்தில் அதையே செய்து மாட்டிக்கொண்டாள். மேசையே சிரித்தது, அவளும் சிரித்தாள்.

நாலு மணிக்கு டுவெய்ன் ஈரத் தலையோடு வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றான்.

“ஜெயிக்கிறியா, தோக்குறியா?”

“தெரியல. எண்ணல” என்று சொல்லிவிட்டு, புதிதாக வந்த இரண்டு சீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள்.