மூச்சு விடாமல் எழுதிய தேர்வு

அறுபது கேள்வி, அறுபது நிமிடம். என்னிடம் முப்பது நிமிடம்தான் இருந்தது.

அது இறுதியாண்டு. தஞ்சாவூரில் எங்கள் கல்லூரிக்கு ஒரு நிறுவனம் ஆள் எடுக்க வந்த அதே நாளில், எங்கள் மைதானத்தில் கபடி இறுதி ஆட்டம். மாலையில் நடக்க வேண்டியதை மழைக்குப் பயந்து காலை பத்தரைக்கு மாற்றிவிட்டார்கள். தேர்வோ பத்து மணிக்கு. நான்கு நாள் முன்னால் சொன்னார்கள். ஏதாவது ஒன்றைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லி இரண்டு பக்கமும் கெஞ்சினேன். விளையாடப் போகிறவளுக்கு வேலை எதற்கு என்றார் துறைத்தலைவர். வேலைதான் முக்கியமென்றால் ஜெர்சியைக் கழற்றிக் கொடு என்றார் விளையாட்டு ஆசிரியை. இருவருக்கும் மாதச் சம்பளம் வருகிறது. நடவுக்குப் போகும் என் அம்மாவுக்கு வருவதில்லை. எனக்கு இரண்டுமே வேண்டும்.

கபடியில் மூச்சு விடாமல் பாடிக்கொண்டே எதிரணிப் பக்கம் போய், முப்பது விநாடிக்குள் ஆளைத் தொட்டுத் திரும்ப வேண்டும். கணக்கையும் அப்படியே போட்டால் என்ன? பாபநாசத்திலிருந்து வரும் பேருந்தில், கணக்கைப் பார்த்ததும் ‘கபடி கபடி’ என்று ஆரம்பிப்பேன். மூச்சு முடிவதற்குள் விடை வந்தால் சரி, வராவிட்டால் அடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா எழுந்து வேறு இடம் போய்விட்டார். போகட்டும். இரண்டாம் நாளே வேகம் பிடித்துவிட்டது.

மூன்றாம் மாடிக் கணினி அறையில், சுடிதாருக்குள் ஜெர்சியோடு உட்கார்ந்தேன். கை பறந்தது. வட்டி, ரயில், வயது என்று ஒவ்வொரு கணக்காக விழுந்தது. இப்படியொரு வேகம் எனக்குள் இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. முப்பத்தெட்டாவது கேள்வியில், நிறுவனத்திலிருந்து வந்த கண்காணிப்பாளர் பக்கத்தில் வந்து நின்றார்.

“யாருக்கும்மா விடை சொல்ற?”

அப்போதுதான் உறைத்தது, வாய்விட்டே பாடிக்கொண்டிருக்கிறேன்.

“யாருக்கும் இல்ல சார். கபடி பாடுறேன். பாடாட்டி எனக்குக் கணக்கு வராது.”

அவர் நம்பவில்லை. என் கையை எடுக்கச் சொல்லிவிட்டுத் துறைத்தலைவரைக் கூப்பிட்டு அனுப்பினார். ஆறு நிமிடம் போனது. துறைத்தலைவர் வந்து சிரித்தார்.

“விளையாட்டுப் புள்ளைங்க சார், மூளை கால்லதான் இருக்கும். விடுங்க, எழுதட்டும்.”

அந்த வார்த்தையால்தான் தப்பித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. மீதி இருபத்திரண்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு மனதுக்குள் பாடி முடித்தேன். கீழே விசில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

படிகளில் ஓடினேன். எதிரணி ஒன்பது புள்ளி முன்னால் இருந்தது. ஆசிரியை என்னை உள்ளே அனுப்பினார். எங்கள் கேப்டன் திருக்காட்டுப்பள்ளிக்காரி, நாக்கில் விஷம்.

“வாங்க ஆபீசர் மேடம். மேல ஏசி நல்லா இருந்துச்சா?”

கோட்டைத் தாண்டினேன். முதல் முறை ஒருத்தி. அடுத்த முறை இரண்டு பேர். மூலையில் நின்றவள் பாயும் முன்பே அவள் தோளைத் தொட்டுத் திரும்பினேன். மைதானமே எழுந்து நின்றது. ஒன்பது ஐந்தானது, ஐந்து இரண்டானது. கடைசி முறை நான்தான் பாடப் போனேன். இரண்டு பேரைத் தொட்டுத் திரும்பினால் சமன். தொட வளைந்தபோது கணுக்காலைப் பிடித்துவிட்டார்கள். மூன்று பேரை இழுத்துக்கொண்டு கோட்டுக்கு வந்தேன். ஒரு சாண் இருக்கும்போது மூச்சு போய்விட்டது.

தோற்றோம். அந்த ஆறு நிமிடம் கையில் இருந்திருந்தால் தோற்றிருக்க மாட்டோம். மண்ணிலேயே கிடந்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

பன்னிரண்டு மணிக்குப் பட்டியல் ஒட்டினார்கள். கேப்டன்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். என் பெயர் இருந்ததாம், உடனே நேர்காணலாம். முழங்கை, முட்டி எல்லாம் மண். அவள் தன் தண்ணீர் பாட்டிலை என் தலையில் கவிழ்த்தாள், தன் துப்பட்டாவாலேயே என் முகத்தை அழுத்தித் துடைத்தாள், முதுகில் கை வைத்து ஒரு தள்ளு தள்ளினாள்.

“போடி. அங்கயாச்சும் தோக்காம வா.”