வெளிச்சக்காரியும் மூச்சு மெஷினும்

அப்பா அவளுக்கு வைத்திருந்த பெயர் வெளிச்சக்காரி. தமிழில் பேசவைத்து டிவியில் போடுகிற ஏதோ ஒரு விண்வெளித் தொடரில் கப்பலை ஓட்டுகிறவள். எலும்பு கிடையாது, சதை கிடையாது, வெறும் ஹோலோகிராம். தொட்டால் கை அந்தப் பக்கம் போய்விடும். ஆவடியில் பீரங்கி வண்டிகளுக்கு நடுவே வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனுஷர், இதற்குப் போய் உருகுவார்.

“ஏட்டி, கப்பல்ல கரண்டு போச்சுன்னா இவ என்ன ஆவா?” என்பார். திருநெல்வேலியை விட்டு வந்து எத்தனை வருஷமானாலும் நான் அவருக்கு ஏட்டிதான். எனக்கு எரிச்சலாக வரும். கதையைக் கதையாகப் பாருங்களேன் என்பேன்.

அப்பாவுக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. ஆக்சிஜன் மெஷின் ஓடினால்தான் மூச்சு. டிவி தெரியவேண்டும் என்று ஆவடி சேக்காட்டில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டின் ஹாலிலேயே கட்டிலைப் போட்டு, மெஷினைத் தலைமாட்டு ப்ளக்கில் மாட்டியிருந்தோம். வீட்டில்தான் இன்வெர்டர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன். இன்வெர்டர் இருந்தால் எல்லா ப்ளக்கிலும் கரண்ட் இருக்கும் என்று நினைத்த என் அறிவை என்னவென்று சொல்ல!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நல்ல மழை. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் டமாரென்று வெடித்தது. ஃபேன் ஓடியது, லைட் எரிந்தது, டிவியில் வெளிச்சக்காரி சிரித்தபடி பேசிக்கொண்டிருந்தாள். மெஷின் மட்டும் கீச்சென்று கத்திவிட்டு நின்றுபோனது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சுவிட்சைத் தட்டினேன், மறுபடி தட்டினேன். அப்பாவின் உதடு நீலம் பாய ஆரம்பித்தது. இன்வெர்டர் மாட்டிக் கொடுத்த எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டேன்.

“அந்த பிளக்குல இன்வெர்டர் லைன் இல்லக்கா. டிவி பார்க்க சொல்ல கரண்ட் போனா பேஜாரா கீதுன்னு உங்க நைனாதான் டிவி பாயிண்டுக்குக் குடுக்க சொன்னாரு. டிவிய புடுங்கிட்டு அதுல சொருவு, சீக்கிரம்!”

டிவிக்கு அடியில் கையை விட்டு ப்ளக்கைப் பிடுங்கினேன். அவள் பாதி வார்த்தையில் காணாமல் போனாள். மெஷினை ஹாலின் குறுக்கே இழுத்தேன். வயர் எட்டவில்லை. அழுகை வந்துவிட்டது. வழியை மறித்த டிவி ஸ்டாண்டை ஒரே தள்ளாகத் தள்ளி, மெஷினை நெருக்கி, ஒருவழியாகச் சொருகினேன். மெஷின் உறுமியது. குழாயை அப்பாவின் மூக்கில் சரியாக வைத்துவிட்டு, அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏறி இறங்கியது. ரொம்ப மெதுவாக.

கொஞ்ச நேரம் கழித்து அவருக்குப் பேச்சு வந்தது. நடந்ததையெல்லாம் சொன்னேன். இன்வெர்டரில்தான் ஓடுகிறது, இனி பயமில்லை என்றேன். அப்பா இருண்டு கிடந்த டிவியைப் பார்க்கவில்லை, மெஷினைப் பார்த்தார்.

“எவ்வளவு நேரம் தாங்கும்ட்டி?”

என் வாழ்நாளில் அப்பாவின் குரலில் நான் பயத்தைக் கேட்டதே இல்லை. தெரியாதுப்பா என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சாயங்காலம் கரண்ட் வந்துவிட்டது. தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று எழுந்தேன்.

மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தவர், என் கையை விடவில்லை.